குட்டைத் தண்ணீர் தேடி நாலு நாள்

செப்டம்பர் 11, வியாழன் – தர்மபுரி

"ஒகேனக்கல் போகலாம், வாங்க மாமா" என்றுதான் அக்கா மகள் கூப்பிட்டாள். மீன் வறுவல், எண்ணெய்க் குளியல், பரிசல் என்று நானும் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சேலத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்ற காரின் பின் இருக்கையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நாற்பது ஐம்பது காலி பாட்டில்கள், ஒரு வாளி, கிணற்றுக் கயிறு, டீ வடிகட்டி, மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருப்பதுபோல ஒரு சின்ன வலை, துண்டில் சுற்றிய நுண்ணோக்கி. எனக்கு முன் இருக்கையில் இடம், மடியில் ஒரு அட்டைப் பெட்டியோடு.

பாப்பா பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். வயது 35, வீட்டில் இன்னும் பாப்பாதான். ஒற்றைச் செல் உயிரிகளின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படிப்பதும், அது காலப்போக்கில் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று பார்ப்பதும் அவள் வேலை. கேட்கிறவர்களிடம் "கிருமி ஆராய்ச்சி பண்றா" என்று என் அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பாப்பாவுக்கு அது ஆகாது. "கிருமி இல்லம்மா, அதெல்லாம் நம்ம தூரத்துச் சொந்தம்" என்பாள்.

தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று சாய்ந்து கிடந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. தர்மபுரி வந்தபோது மணி பதினொன்று. மேகம் மூடியும் புழுக்கம் குறையவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தர்மபுரியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதியமானையும் நெல்லிக்கனியையும் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். நாங்கள் நேராக இராமாக்காள் ஏரிக்குப் போனோம். அதிலும் பார்க்க நன்றாக இருக்கும் பக்கத்துக்கு இல்லை, ஆகாயத்தாமரை மண்டிய ஓரத்துக்கு.

தெளிந்த தண்ணீர் அவளுக்கு வேண்டாம். இலை மக்கிய இடம், பாசி பிடித்த கல், எருமை இறங்கிக் கலக்கிய சேறு, இவைதான் வேண்டும். "நல்ல தண்ணியில சாப்பாடு இருக்காது மாமா. பாக்டீரியா இருக்கிற இடத்துலதான் இதுங்க மேயும்." நான் பாட்டிலைப் பிடிக்க, அவள் வடிகட்டி ஊற்றினாள். கரையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்தார். "தண்ணி டெஸ்டிங்கா? எழுதிக்கம்மா, எங்க தெருவுக்கு நாலு நாளாத் தண்ணி வரல." நாங்கள் அதிகாரிகள் இல்லை என்று பாப்பா சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மா நம்புவதாக இல்லை. தெருப் பெயரை நான் என் நோட்டில் எழுதிக் காட்டிய பிறகுதான் விட்டார். எழுதியது இன்னும் இருக்கிறது, யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

மதியம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். கேழ்வரகுக் களி ஓர் உருண்டை 25 ரூபாய், கீரைக் கடைசல் இலவசம், கோழிக் குழம்பு தனி. பாப்பா களியை மென்று கொண்டிருந்தாள். பரிமாறியவர் நின்று பார்த்துவிட்டு, "மெல்லக் கூடாது கண்ணு, குழம்புல தொட்டு முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கும்" என்றார். பல் என்ற சொல் காதில் விழுந்ததும் வாயை மூடிக்கொள்வது என் பழைய வழக்கம். அன்றும் மூடிக்கொண்டேன். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

லாட்ஜில் ஆளுக்கொரு அறை, ஒன்று 850 ரூபாய். இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, "வாங்க, காட்டறேன்" என்றாள். பாட்டிலை முதலில் விளக்குக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, தூசிபோல. தூசி கீழே இறங்கும், இவை மேலும் கீழும் போய் வந்தன. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துக் கைப்பேசியை அதன்மேல் பொருத்தினாள். திரையில் செருப்பின் அடிபோல ஒன்று உருண்டு உருண்டு நீந்தி வந்து பாசி இழையில் முட்டிப் பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி, மறுபடி முட்டியது. பாரமீசியம். உடம்பில் இரண்டு இடத்தில் நட்சத்திரம்போல ஏதோ விரிந்து, சட்டென்று சுருங்கி, மறுபடி விரிந்தது. உள்ளே ஊறி வரும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டும் பம்பாம் அது. நிறுத்தினால் உடம்பு ஊதி வெடித்துவிடும் என்றாள். நான் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் முப்பத்தெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவன். சேலத்து அச்சகம் ஒன்றில் ஈய எழுத்துக் கோத்துத் தொழில் கற்றவன். அது பாப்பாவுக்குத் தெரியும். அதனால் என் பாஷையிலேயே சொன்னாள்.

இந்தப் பாரமீசியத்துக்கு உட்கரு இரண்டு வகை. சின்னது மூலப்பிரதி. பூட்டி வைத்திருக்கும், அன்றாட வேலைக்கு அதைத் தொடாது. பெரியது வேலைப்பிரதி. அதில் ஒவ்வொரு மரபணுவும் ஏறக்குறைய 800 படிகள் இருக்கும். இரண்டு பாரமீசியம் கூடிப் பிரிந்ததும் பழைய வேலைப்பிரதியை அழித்துவிட்டு, மூலத்திலிருந்து புதிதாக ஒன்று தயாராகும். அப்படித் தயாரிக்கும்போது நடுநடுவே கிடக்கும் வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்து, வெட்டிய முனைகளைச் சேர்த்து ஒட்டும். எத்தனை துண்டு? சுமார் 45,000. ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் அந்த மரபணு உளறலாகிவிடும்.

"ஆக்ஸிட்ரிக்கான்னு ஒண்ணு இருக்கு, அது இன்னும் மோசம்" என்றாள். அதன் மூலப்பிரதியில் மரபணுக்கள் வரிசையாகக்கூட இல்லை. இரண்டே கால் லட்சம் துண்டுகளாக, முன்பின்னாக, சில தலைகீழாகக் கிடக்கின்றன. வேலைப்பிரதி தயாராகும்போது மூலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கழித்துக் கட்டிவிட்டு, மிச்சத்தை வரிசைப்படுத்தி, சுமார் 16,000 குட்டிக் குரோமோசோம்களாக அடுக்கிவிடும். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மரபணுதான். பிரின்ஸ்டனில் லாரா லாண்ட்வெபர் குழுவினர் 2013, 2014-ல் இதை வெளியிட்டார்களாம். எனக்கு அச்சகத்தில் கேஸ், அதாவது எழுத்துகளைப் பிரித்து வைக்கும் அறை அறையான மரத்தட்டு, கவிழ்ந்து ஈய எழுத்தெல்லாம் தரையில் கொட்டிய நாள் ஞாபகம் வந்தது. மூன்று பேர் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினோம். முதலாளி அந்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி – பென்னாகரம், ஒகேனக்கல்

காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். பாட்டில்களை அவள் அறையிலேயே ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்து, மூடிகளைத் தளர்த்திவிட்டு வந்தாள், காற்றுப் போவதற்கு. ஒன்றை மட்டும் நான் முதல்நாள் இரவே என் அறைக்கு எடுத்துப் போயிருந்தேன். வெள்ளைப் புள்ளிகளைத் தூங்குமுன் ஒருமுறை பார்க்கலாம் என்றுதான்.

ஒகேனக்கல்லில் காவிரி டீ நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. நீர்வரத்து கூடியிருந்ததால் பரிசல் கிடையாது, குளிக்கவும் தடை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் மட்டும் விடவில்லை. "குளிக்காட்டி என்னாண்ணா, எண்ணெய் வெச்சுக்கிட்டு ரூமுக்குப் போய்க் குளிங்க" என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். 300-ல் ஆரம்பித்து 150-க்கு இறங்கினார். பாப்பாவிடம் அனுமதி கேட்பதுபோலப் பார்த்தேன். அவள் பாறைப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

ஓடுகிற கலங்கல் தண்ணீரில் அவளுக்கு வேலை இல்லை. வெள்ளம் வராத மேட்டுப் பாறைகளில் குழி குழியாக மழைத் தண்ணீர் நின்றது. அதில் ஏழு பாட்டில் எடுத்தாள். மீன் சாப்பாடு அருமை. கெளுத்தி வாங்கிக் கொடுத்தால் விறகடுப்பில் குழம்பு வைத்துத் தரும் பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள். மீன் 280, சமைக்கக் கூலி 150. சமைத்த அக்கா குழம்பை ஊற்றிவிட்டு, பாட்டில்களைக் காட்டி, "இத்தனை தண்ணியும் தீர்த்தமா?" என்றார். பாப்பா ஆமாம் என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பென்னாகரம் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு மண் சாலையில் திருப்பச் சொன்னேன். நான் வளர்ந்த ஊர். அப்பா அங்கே ஆரம்பப் பள்ளி வாத்தியார். எங்கள் குடும்பம் அங்கே வந்தபோது எனக்கு இரண்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. பதினோரு வருடம் இருந்தோம். இருவரும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம். அக்காவுக்கு முல்லை மொட்டுப்போலப் பல். எனக்குக் காவி. முன்பற்கள் நான்கிலும் பழுப்புக் கோடு, அங்கங்கே குழி. நான் பல் துலக்காமல் ஏமாற்றுகிறேன் என்றே அம்மா கடைசிவரை நம்பினார். உமிக்கரியும் உப்பும் வைத்து ஈறு கிழியத் தேய்த்துவிடுவார். அப்பாவின் பிரம்படி தனி. பிறகு கல்லூரி விடுதியில் எனக்குப் பெயரே காவிப்பல். என் கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, ஏதோ கோர்ட்டில் நிற்பவன்போல இருப்பேன்.

ஃபுளோரைடுதான் காரணம் என்று முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இந்தப் பக்கத்துப் பாறைகளிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏழெட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் எனாமல் கெடும். அக்கா வந்தபோது அவளுக்கு அந்த வயது தாண்டியிருந்தது, தப்பித்துக்கொண்டாள். நான் மாட்டினேன். இதை அம்மாவிடம் சொல்ல நினைத்தபோது அம்மா இல்லை.

பள்ளிக்கூடத்துக் கிணறு இன்னும் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் பாதி இடிந்து, உள்ளே பச்சையாகத் தண்ணீர். வாளியை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி, "யாரு சாமி அது, கெணத்துல என்ன?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். "வாத்தியார் மகனா? அழுதுக்கிட்டே பள்ளிக்கூடம் வருவியே!" மோர் கொடுத்தார். எழுந்திருக்கும்போது முட்டி மடங்காமல் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார்.

இப்போது யாரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததிலிருந்து காவிரிதான். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதாம். "இருந்தாலும் அந்தக் கெணத்துத் தண்ணி ருசி வராது சாமி, இது சப்புனு இருக்குது" என்றார் பாட்டி. அவருடைய கொள்ளுப் பேத்தி, மூன்றாம் வகுப்பாம், கதவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பல்லெல்லாம் வெள்ளை.

பாப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். என் பல் கதை அவளுக்கு இதுவரை தெரியாது என்பது எனக்கு ஆச்சரியம். வெற்றிலை போடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

"மாமா, தோசை மாவைப் பொங்க வைக்கிற ஆளுங்க இல்ல, ரொட்டியைப் பொங்க வைக்குதே ஈஸ்ட், அதுக்கு இந்தத் தண்ணி ஒரு பிரச்சினையே இல்ல" என்று ஆரம்பித்தாள். ஈஸ்டும் ஒற்றைச் செல்தான். புளிப்பான சூழலில் ஃபுளோரைடு ஓர் அமிலமாக மாறி, செல்லின் தோலைச் சுலபமாகத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே புளிப்புக் குறைவு. அங்கே போனதும் பழையபடி ஃபுளோரைடாகி, வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளும். எலிப்பொறி மாதிரி. ஈஸ்டின் தோலில் அதை வெளியே தள்ளுவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. 2013-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து, எஃப்.இ.எக்ஸ். என்று பெயர் வைத்தார்கள். அதற்கான மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, சாதாரண ஈஸ்ட் தாங்குவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபுளோரைடுக்கே அது படுத்துவிட்டது. அதற்கு முந்தின வருடம் அதே பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழு, பாக்டீரியாக்களில் ஃபுளோரைடு வந்தால் மோப்பம் பிடித்து மரபணுவை முடுக்கிவிடும் ஆர்.என்.ஏ. ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. பூஞ்சைகளில், செடிகளில் எல்லாம் இந்த வெளியேற்றும் ஏற்பாடு உண்டாம்.

"நமக்கு?"

"நமக்கு இல்ல மாமா."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஒற்றைச் செல் உயிரிக்கு வெளித்தண்ணீரும் உடம்பும் நேருக்கு நேர், நமக்கு நடுவில் தோல், குடல், சிறுநீரகம் என்று அடுக்கடுக்காகக் காவல் இருக்கிறது, அதனால் வழியில் எங்கோ அது தேவையில்லாமல் போயிருக்கலாம் என்றாள். அது தன் ஊகம்தான் என்றும் சொன்னாள். சிறுநீரகம் ஒரு பங்கை வெளியேற்றும், மிச்சம் எலும்புக்கும் பல்லுக்கும் போய்ச் சேரும். சிறு பிள்ளைகளுக்கு அந்த மிச்சம் இன்னும் அதிகம். நான் கிணற்றுக்குள் பார்த்தேன். அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் கோடிக்கணக்கில் பம்பு அடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை நினைத்தால், வாத்தியார் மகனுக்கு ஒன்று கொடுத்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. "இதுல இருக்கிற சிலியேட்டெல்லாம், அதான் பாரமீசியம் மாதிரி உடம்பு மயிரால நீந்தற ஒற்றைச் செல் ஆளுங்க, எப்படிச் சமாளிக்குதுன்னு நான் பார்க்கணும்" என்று அவள் நான்கு பாட்டில் நிரப்பினாள். ஒட்டுத்தாளில் என் பெயரையும் எழுதினாள்.

தர்மபுரிக்கு முன்னால் மழை பிடித்தது. வைப்பர் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, டிரைவர் பக்கம். டீக்கடை ஓரம் ஒரு மணி நேரம் நின்றோம். டீ 15 ரூபாய், கடைக்காரர் தந்த துண்டு சும்மா.

இரவு லாட்ஜ் அறையைத் திறந்த பாப்பா அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல் ஓரம் பதினொரு பாட்டில்களும் பளபளவென்று கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூடிகள்கூடத் தனியாக ஒரு தட்டில். கூட்டிப் பெருக்க வந்த பையனைக் கூப்பிட்டோம். இருபது வயதுகூட இருக்காது. "அழுக்குத் தண்ணிங்கக்கா. நாத்தம் அடிச்சுது. நீங்க திட்டுவீங்கன்னு நல்லா சோப்புப் போட்டுக் கழுவி வெச்சேன்" என்றான். முகத்தில் பாராட்டு எதிர்பார்க்கும் களை. அவள் என்ன செய்யப் போகிறாளோ என்று நான் பயந்தேன். "ரொம்ப நல்லாக் கழுவியிருக்கப்பா" என்று இருபது ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் என் அறையில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது. துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தேன், பையன் கண்ணில் படவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதியை இன்னொரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு மீதியை என்னிடமே நீட்டினாள். "மூலப்பிரதி உங்ககிட்டயே இருக்கட்டும்."

செப்டம்பர் 13, சனி – பாலக்கோடு, இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி

விடியற்காலை மறுபடி இராமாக்காள் ஏரி. துணி அலசும் அம்மா இல்லை, நல்லவேளை.

பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டிகள் லாரி லாரியாக நின்றன. கிலோ எட்டு ரூபாய் என்றார்கள், பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று ஒருவர் பெட்டியைக் காலால் தள்ளினார். கீழே கிடந்து புளித்த தக்காளியை பாப்பா குனிந்து பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஈஸ்ட். ஒரு சின்ன டப்பாவில் அதுவும் ஏறியது. தக்காளிக்காரர் காசு வாங்க மறுத்து, நல்ல தக்காளியாக இரண்டு கிலோ பையில் போட்டுக் கொடுத்தார். "அழுகல எடுத்துட்டுப் போறீங்களே, பார்க்கவே சங்கடமா இருக்குதுங்க."

இராயக்கோட்டை மலை தூரத்திலிருந்தே மொட்டைத் தலையாகத் தெரிந்தது. 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. நாங்கள் கோட்டைக்குப் போகவில்லை, அடிவாரப் பாறைகளோடு சரி. மழை பெய்து ஓரிரு நாள் நிற்கும், பிறகு வாரக்கணக்கில் காயும் குழிகள் அங்கே நிறைய. இப்படிக் காயும் குழிகளில் கொல்போடா என்று ஒரு சிலியேட் உண்டாம். தண்ணீர் வற்றியதும் உடம்பைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். வருடக்கணக்கில்கூடக் கிடக்கும். தண்ணீர் பட்டால் சில மணி நேரத்தில் உறையைக் கிழித்துக்கொண்டு நீந்தும். அதனால் காய்ந்த மண்ணையும் காகிதப் பொட்டலத்தில் சேர்த்தாள். பொட்டலம் மடிப்பது என் பொறுப்பு. அதில் மூழ்கியிருந்த நேரத்தில் பாசி வழுக்கி உட்கார்ந்தேன். எலும்பு தப்பியது, வேட்டி தப்பவில்லை. மிச்ச நாள் முழுவதும் அவளுடைய துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

வலியை மறக்கவோ என்னவோ, வழியில் முற்றுப்புள்ளிக் கதையைச் சொன்னாள். மரபணு மொழியில் எழுத்து நான்கு, மும்மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த மூன்றெழுத்துச் சொற்களில் மூன்று, முற்றுப்புள்ளிகள். அங்கே புரதம் கட்டுவது நிற்கும். மனிதன், மாடு, மாமரம் எல்லாருக்கும் இதே இலக்கணம்தான். பாரமீசியத்தில் அந்த மூன்றில் இரண்டு முற்றுப்புள்ளியாக வேலை செய்வதில்லை. குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாக அவற்றைப் படித்துக்கொண்டு போய்விடும். கடலில் இருக்கும் காண்டிலோஸ்டோமா என்ற சிலியேட் அதற்கும் மேலே. மூன்றையுமே சொல்லாகவும் படிக்கும், முற்றுப்புள்ளியாகவும் படிக்கும். எப்போது எது? தாள் முடியப் போகிறது என்று தெரிந்தால் முற்றுப்புள்ளி, நடுப்பக்கத்தில் வந்தால் சொல். 2016-ல் வெளிவந்த செய்தி.

முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களுடைய முற்றுப்புள்ளிகளைச் சரிபார்த்தவன் நான். முதலில் இது சுத்த ஒழுங்கீனம் என்றுதான் பட்டது. அப்புறம் யோசித்தால், ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்காமல்தான் எழுதினார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள்.

கே.ஆர்.பி. அணைக்கு வந்தபோது மாலை நான்கரை. பூங்காவில் கூட்டம், மீன் வறுவல் வாசம், நீரின் ஓரத்தில் பெயின்ட் கொட்டியதுபோலப் பச்சைப் படலம். சயனோபாக்டீரியா, வெயிலில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா என்றாள். இதன் மூதாதை ஒன்றை விழுங்கிய ஏதோ ஒரு செல் அதைச் செரிக்காமல் உள்ளேயே வாழவிட்டது, அதுதான் இன்றைக்கு இலைகளில் இருக்கும் பசுங்கணிகம். செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒருகாலத்தில் தனி பாக்டீரியாக்கள் என்று 1967-ல் லின் மார்குலிஸ் எழுதிய கட்டுரையைப் பதினைந்து பத்திரிகைகள்வரை திருப்பி அனுப்பினவாம். பிற்பாடு டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்ததில் அவர் சொன்னது சரியாக இருந்தது. அணைத் தண்ணீரிலேயே யூக்ளினாவும் கிடைத்தது. பச்சை உடம்பு, சிவப்பாக ஒரு கண்புள்ளி. அதன் பசுங்கணிகம், ஏற்கெனவே பசுங்கணிகம் வாங்கி வைத்திருந்த ஒரு பச்சைப் பாசியை விழுங்கிப் பெற்றது. இரவல் வாங்கியவனிடம் இரவல்.

இருட்டிய பிறகு நெடுஞ்சாலைக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. கர்நாடகச் சரக்கு கடத்துகிறார்களா என்று பார்க்கிறார்கள். பின் இருக்கையில் டார்ச் அடித்த போலீஸ்காரர் திகைத்துப் போனார். மஞ்சள், பச்சை, பழுப்பு என்று நாற்பது பாட்டில், எல்லாவற்றிலும் எண். முன்னால் துப்பட்டா கட்டிய ஒரு கிழவன்.

"என்னம்மா இது?"

"ஏரித் தண்ணி சார்."

"ஏரித் தண்ணிக்கு எதுக்கு நம்பரு?"

ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். கிணற்றுப் பாட்டில். முகம் சுளித்து மூடியை இறுக்கித் திருகினார். "மூடியை லூசா வைக்கணும் சார், உள்ள உசுரு இருக்கு" என்றாள் பாப்பா. அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி தளர்த்தி வைத்துக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "போங்க, போங்க" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு – கிருஷ்ணகிரி

இடுப்பு திரும்பவில்லை. இட்லி, நிப்பட்டு ஒரு பாக்கெட், வலிக்கு ஒரு தைலம். வேட்டி ஒன்று 240 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து கன்னடத்தில் வேறொருவருக்குச் சில்லறை கொடுத்தார். பாப்பா ஓசூர் வழியாக பெங்களூர் போய்விட்டாள், பாட்டில்கள் தாங்காது என்று. என்னை சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு டிக்கெட் காசைச் சட்டைப் பையில் திணித்தாள். நான் எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தேன், அவள் பொறுக்கி மறுபடி உள்ளே எறிந்தாள். நடத்துநர், "யாராவது ஒருத்தர் கொடுங்க, வண்டி கிளம்பணும்" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன் – சேலம்

பாப்பாவிடமிருந்து நேற்று செய்தி வந்தது. இராயக்கோட்டைப் பொட்டலத்து மண்ணைத் தண்ணீரில் போட்டதும் மறுநாளே கொல்போடா கிடைத்துவிட்டதாம். கிணற்றுத் தண்ணீரில் மூன்று நான்கு வகை சிலியேட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. கண்ணாடிக் குழாயை நெருப்பில் இழுத்து மயிரிழையாக்கி, ஒவ்வொரு செல்லாக உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. போதாது, அதைப் பல லட்சம் படியெடுத்த பிறகுதான் படிக்க முடியும். முடிய மாதக்கணக்கில் ஆகும் என்கிறாள்.

என் மூலப்பிரதி சமையலறை ஜன்னலில் இருக்கிறது. முதல்நாள் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை எப்போ கொட்டறது?" என்றாள். இரவு விளக்கைக் காட்டி வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினேன். பாத்திரம் கழுவப் போனவள் மறுபடி வந்து பார்த்தாள். இன்று காலை, நாலு நாளாக அவை என்ன சாப்பிடும் என்று கேட்டாள். ஓர் அரிசி மணி போட்டால் அதில் பாக்டீரியா வளரும், அதை அவை தின்னும் என்று பாப்பா முன்பே சொல்லியிருந்தாள். பச்சரிசியா, புழுங்கலரிசியா என்கிறாள் மனைவி. கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.